வைக்கோலுக்கு முன்னால்

புறா தொழுவக் கூரையின் உத்திரத்தில் அமர்ந்திருந்தமையால், பற்றிமா காற்றுத் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டாள்.

அதன் பின்னால் இருந்தது வெறுங் கூரைத் தகடு. குறி தவறினால் குண்டு தகட்டைத் துளைக்கும். அன்றேல் தெறித்துத் திரும்பும். குண்டைத் தடுத்து நிறுத்த ஒன்றும் இல்லாத திசையில் ஒருபோதும் சுடலாகாது என்று பண்ணைக்காரர் யென்ஸ் அவளுக்குக் கற்பித்திருந்தார்.

விதிகளில் அவள் ஒன்றையும் தவறவிடவில்லை. பசுக்களை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டிருந்தாள். தொழுவத்தின் இரு கதவுகளையும் உள்ளே தாழிட்டிருந்தாள். கணவர் சூசைதாசனுக்கும் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டி, தன் தோளுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தாள்.

தீவனத்தில் எச்சமிட்ட மற்றப் புறாக்கள் எல்லாம் வாளிக்குள் கிடந்தன. எஞ்சியது ஒன்றே, சாம்பல் உடலில் ஒற்றை வெள்ளை இறகு உடையது.

“அதை விடும், பற்றிமா.”

இக்காஸ்ட் நகரத்து ஆலை வேலையை விட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கிய நாள் முதல், ‘ஓம்’, ‘இல்லை’ என்பவற்றுக்கு மேல் அவளிடம் ஒரு சொல் பேசாதவர் சூசைதாசன். இன்று ஒரு முழு வாக்கியம் பேசிவிட்டார். அதுவும் புறாவுக்காக.

இந்தப் புறாவோடு மட்டும் பேசுவார். பால் தொட்டிக்குப் பின்னால் மறைந்து நின்று அவள் கேட்டிருக்கிறாள். மன்னார்க் கடலில் தமையனைப் பறிகொடுத்த கதையை, இத்தனை ஆண்டு இல்லறத்தில் அவளுக்குச் சொல்லாத அந்தக் கதையை, ஒரு பறவைக்கு அழுதழுது சொன்னார்.

“ஒண்டையும் மிச்சம் வையாதை எண்டு யென்ஸ் சொன்னவன். என்ரை வேலை போனால் உந்தப் புறாவே எங்களுக்குச் சோறு போடும்?”

அவர் தலை குனிந்தார்.

“நீங்கள் கூப்பிட்டால் வைக்கோலுக்கு முன்னாலை வந்து நிக்கும். ஒரு நொடிதான், அதுக்கு ஒண்டும் தெரியாது. மேலை வைச்சுச் சுட்டனெண்டால், அரை உயிரோடை தொங்கி உத்தரிக்கும். யோசியுங்கோ.”

விதியை மீறி அவள் ஒருநாளும் மேலே சுடமாட்டாள் என்பது அவருக்குத் தெரியாது.

சூசைதாசன் சட்டைப் பைக்குள் கைவிட்டுக் கோதுமையை அள்ளினார். அவளுடைய தோளுக்கு மேலாக, வைக்கோல் கட்டுகளை நோக்கிச் சிறிது எறிந்தார்.

“என்ரை ராசாத்தி, வாங்கோ குஞ்சு.”

இந்நாட்டுக்கு வந்து ஸ்கீவ நகரில் ஒற்றை அறையில் குடியிருந்த முதற் குளிர்காலத்துக்குப் பின்னர், ராசாத்தி என்ற சொல்லைப் பற்றிமா கேட்டதில்லை.

புறா இறங்கி வந்தது. ஒரு மணியைக் கொத்திவிட்டு, அவர் நின்ற பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தது.

அவள் குறிபார்த்து விசையை அழுத்தினாள்.

புத்தகம் ஒன்றைப் படாரென்று மூடியது போன்ற ஓசை, அவ்வளவுதான். புறாவை ஊடுருவிய குண்டை வைக்கோல் கட்டு வாங்கிக்கொண்டது.

கதவு தட்டப்பட்டது. துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை இருமுறை பார்த்து உறுதி செய்த பின்னரே பற்றிமா தாழை நீக்கினாள்.

யென்ஸ் நின்றார். அவருடைய கைகளில், வட்ட வாசல் வெட்டிய சிறு மரப் பெட்டி ஒன்று. பச்சை வண்ணம் இன்னும் முழுதாய்க் காயவில்லை.

“காலையில் சொன்னேன் அல்லவா, வெள்ளை இறகுக்காரியை மட்டும் சுடாதே, அவள் உன் கணவருடையவள் என்று?” டேனிஷ் மொழியில் மகிழ்ச்சியோடு கூறினார். “இதோ, அவளுக்கு வீடு.”

சூசைதாசன் பற்றிமாவை நிமிர்ந்து பார்த்தார்.

வையட்டும், அடிக்கட்டும், எதுவாயினும் தன்னிடம் ஒரு சொல் சொல்லட்டும் என்று அவள் காத்து நின்றாள்.

அவர் பெட்டியை வாங்கினார். உள்ளங்கையில் மிஞ்சியிருந்த கோதுமையை அதன் வாசல் வழியே கொட்டினார்.

பின்னர் அவ்வாசலில் வாயை வைத்து, மிக மெதுவாக, கதைக்கத் தொடங்கினார்.