எதிரெதிர் மோட்டார்கள்

ராக்கெட் கிளப் மாணவி நான்காவது கம்பியை உருவினாள். முனையில் மருந்து இல்லை.

தீக்குச்சித் தலையளவு கறுப்பு மருந்து. அது இருந்தால் கம்பி சூடேறியதும் ராக்கெட்டின் மோட்டார் பற்றிக்கொள்ளும். இல்லாவிட்டால் கம்பி மட்டும் சிவந்து, அவமானப்பட்டு, அடங்கிவிடும்.

காரணம் தெரிந்ததுதான். சற்றுமுன் கல்லூரித் தலைவர் சென்னியப்பன் ராக்கெட்டைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார். தலைகீழாகத் தூக்கினார். அவர் பெயர் அடியில் இருந்தது. கேமராவில் விழவேண்டுமே என்று கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார்.

கம்பி அந்த விரலுக்கடியில்தான் இருந்தது.

ஆளுயர ராக்கெட். அடியில் நான்கு மோட்டார்கள். மருந்து திணித்த காகிதக் குழாய்கள், களிமண் வாய்கள். ஒவ்வொரு வாயருகிலும் தங்க நிற ஸ்டிக்கரில் ஒரு பெயர். கல்லூரியை நிறுவிய அமரர் அர்த்தநாரி. அவருக்கு எதிரே மனைவி பாவாயம்மாள். மூத்த மகன், தலைவர் சென்னியப்பன். அவருக்கு எதிரே இளையவர், செயலாளர் லோகநாதன்.

அண்ணனையும் தம்பியையும் அடுத்தடுத்து வைத்துவிடாதே என்று கல்லூரி முதல்வர் காதோடு சொல்லியிருந்தார். மேடையிலும் அப்படித்தான். நடுவில் அம்மாவின் நாற்காலி.

மாற்றுக் கம்பி இல்லை. இருந்ததையெல்லாம் செயலாளர் நேற்றே எரியவிட்டு வீடியோ எடுத்துவிட்டார்.

மூன்றோடு விட்டால் ராக்கெட் சாயும். எந்தப் பக்கம் என்று அதற்கே தெரியாது. பந்தலில் கல்லூரியே உட்கார்ந்திருந்தது.

காலையில் தலைவர் சிரித்தபடிதான் சொன்னார். "ஏம்மணி, மானத்த வாங்கீராதே. கோணலாப் போச்சுன்னா உங்க ராக்கெட் கிளப்பு ரூமு நாளைக்கே கேன்டீனுக்குத்தான்."

ஒரே வழிதான். எரியாததற்கு எதிரே இருப்பதையும் எரியாமல் செய்துவிடவேண்டும். பலம் பாதியாகும். ஆனால் நேராகும்.

எதிரே இருந்தவர் தம்பி.

அந்தக் குடும்பச் சண்டையால் உலகத்துக்கு விளைந்த ஒரே நன்மை இதுவாகத்தான் இருக்கும். இருவரும் ஒற்றுமையாக அடுத்தடுத்து இருந்திருந்தால், பெற்றவர்களில் ஒருவரை அவள் அணைக்கவேண்டி வந்திருக்கும்.

செயலாளரை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மிச்சம் இரண்டு கம்பிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால்கள். இதன் ஒரு காலை அதன் ஒரு காலோடு முறுக்கினாள். மறுகாலை மறுகாலோடு. இரண்டுக்கும் மின்சாரம் தனித்தனியே போகவேண்டும். சங்கிலியாகக் கோத்தால், முதலில் எரிவது அடுத்ததன் வழியை அறுத்துவிடும்.

ராக்கெட்டை ஒரு முறை தூக்கிப் பார்த்தாள்.

இரண்டு போதுமா, இத்தனை கனத்துக்கு?

கணக்கில் போதும். கணக்கில், பூஜையில் அப்பிய சந்தனம் கிடையாது, குங்குமம் கிடையாது.

மைக்கில் தலைவர் நான்கு மோட்டார்களை நான்கு தூண்கள் என்றார். மைக் தம்பியிடம் போனது. அவர் நான்கு வேதங்கள் என்றார். மைக் அண்ணனிடம் திரும்பியது. திசைகளும் நான்குதானே என்றார். வெயில் தாங்காமல் பாவாயம்மாள் எழுந்தாள். மைதான ஓரத்தில் நின்ற காருக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தார்கள்.

பொத்தானை இருவரும் சேர்ந்து அழுத்துவதாக ஏற்பாடு. யார் கை மேலே என்பதில் கொஞ்சம் தாமதம்.

பிறகு, கோடித்துணியைக் கிழித்ததுபோல் ஒரு சத்தம்.

இரண்டு தீ. ஒரே நொடியில்.

ராக்கெட் ஒரு கணம் யோசித்தது.

எழுந்தது.

நேராக. வானத்திலிருந்து யாரோ நூல் விட்டுச் சுண்டி இழுத்ததுபோல.

மைக் வாயடைத்தது. பொன்னாடைகள் தோளிலிருந்து வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை. தலைவரும் செயலாளரும் அண்ணாந்து நின்றார்கள், வாய் பிளந்து, அச்சு அசலாக ஒரே முகத்தோடு. மேலே வட்டமிட்ட பருந்து ஒதுங்கி வழிவிட்டது. எரியாத இரண்டையும் சுமந்துகொண்டு, எரிந்த இரண்டும் போய்க்கொண்டே இருந்தன.

செய்தது தான் என்பதே மறந்து அவளும் கை தட்டினாள்.

உச்சியில் ஒரு வெண்புகை. பாராசூட் விரிந்தது. காற்று அதைக் கார்கள் நின்ற பக்கம் தள்ளியது.

மேடைக்குப் பேச்சு திரும்பிவிட்டது.

"மொதல்ல பத்துனது நம்ம தலைவரோடதுதானுங்க."

"பத்துனா ஆச்சுங்களா? கடைசி வரைக்கும் நின்னு எரிஞ்சது செயலாளரோடதுங்க!"

அவள் ஓடினாள்.

ராக்கெட் காருக்குள் இருந்தது. பாவாயம்மாளின் மடியில், தலைகீழாக. டிரைவர் எடுத்துக் கொடுத்திருக்கவேண்டும். கிழவியின் விரல் நான்கு வாய்களையும் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தது.

"சாமி! எத்தன ஒசரம் போயிருச்சு, அம்மணி!"

விரல் நின்றது.

"இது ரெண்டும் சுடுது. இது ரெண்டும் சில்லுனு கெடக்குது. கண்ணாடியில்லாம எழுத்துத் தெரியல கண்ணு. எது ஆரோடது?"

வாசித்தாள். சுடுகிற இரண்டை முதலில். பிறகு, குரல் இறங்கி, மற்ற இரண்டையும்.

பாவாயம்மாள் மேலே பார்த்தாள். புகைக்கோடு இன்னும் கலையாமல், வானத்தில் செங்குத்தாக நின்றது.

மைதானத்தின் நடுவே கேமராக்காரர் பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தார். அவருக்கு எதிரே, ஒருவரை ஒருவர் முந்தாமல் முந்தியபடி, மகன்கள் இருவரும்.

அம்மாள் கணவரின் வாய்க்குள் விரலை விட்டுக் கரியை வழித்தாள். குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பதுபோல் முதலில் மூத்தவனின் எரியாத வாய்க்கு வைத்தாள். பிறகு இளையவனுக்கு.

மூத்தவனுக்குக் கொஞ்சம் கூடிவிட்டது.

இளையவனுக்கு இன்னொரு முறை தொட்டு வைத்தாள்.