உலகத்தின் கடைசிக் கதவு

“‘எனக்கும் படம் வாணாங்க, நீங்களும் போவாதீங்கம்மா’ன்றா. இவ எனக்கு உத்தரவு போடுறா.”

ஜீப்பில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று நீலாவதி பொரிந்தாள். ஃபாரஸ்ட் ரேஞ்சர் பெண்டாட்டியிடம் வீட்டு வேலைக்காரி இப்படிப் பேசுவதெல்லாம் ஜமுனாமரத்தூரில் நடக்கிற காரியமில்லை.

கெங்கம்மாள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

“ஏண்டி, உன் மூஞ்சி திரையில வருது. திருப்பத்தூரே பாக்குது. உனக்கென்ன கேடு?”

“ஒண்ணும் இல்லீங்க. வாணாம்னா வாணாங்க.”

“சரி, கிட. நன்றி கெட்ட ஜென்மம்.”

“வாக்கா, நேரமாச்சு” என்றான் தம்பி தாண்டவராயன், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி.

அவன் எடுத்த முதல் படம். மழையே நின்றுபோய் உலகம் அழிகிற கதை. கையில் காசில்லை, அதனால் செட்டும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. அக்கா வீட்டுச் சாப்பாடு, மலைக்காரர்களே நடிகர்கள், கறுப்பு வெள்ளை. எப்படியோ முடித்துவிட்டான்.

திருப்பத்தூர் கொட்டகையில் மேட்னி ஷோ. இடைவேளைக்கு முன்பே நீலாவதியின் கைக்குட்டை நனைந்துவிட்டது. கான்வென்ட்டில் படித்தவள், தமிழ்ப் படமென்றாலே உதட்டைச் சுழிப்பவள். “அழ வச்சிட்டானே பாவி” என்று மூக்கை உறிஞ்சினாள்.

கடைசிக் காட்சி. உலகத்தில் மிச்சமிருக்கிற தானியமெல்லாம் ஒருத்தியின் வீட்டுக்குள். சாத்திய கதவுக்கு முன்னால் ஜனங்கள் குந்தியிருக்கிறார்கள். பேச்சில்லை, பாட்டில்லை. மடியில் குழந்தையோடு கெங்கம்மாள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“அது எங்க வீட்டுப் பின்கதவுங்க” என்று பக்கத்து சீட்டு அம்மாளிடம் பெருமையாகச் சொன்னாள் நீலாவதி.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உள்ள இருக்கிறவ பொம்பளையாங்க? புள்ள பெத்தவளா இருந்தா இப்படிச் சாத்திக்கினு இருப்பாளா?”

“இருக்கவே மாட்டா” என்றாள் நீலாவதி. தம்பி பக்கம் சாய்ந்தாள். “என்னமா நடிக்குதுங்க. எப்படிடா சொல்லிக் குடுத்தே?”

“நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல.”

“பின்னே?”

“இதை எடுத்த அன்னிக்கு இந்த மலை ஜனங்களுக்கும் நம்ம வீட்லதான் சோறுன்னு நீதான் கூப்பிட்டே. யூனிட் ஆளுங்க சாப்பிட்டதுல தீந்துபோச்சு. நீ தாழ்ப்பாளைப் போட்டுட்டுப் படுத்துட்டே.”

நீலாவதி கைக்குட்டையை இறக்கினாள்.

“ஷூட்டிங் வேடிக்கை பாக்க உக்காந்திருக்காங்கன்னு நினைச்சேன்டா.”

“சோத்துக்குக் கூப்ட்ட வூட்லேர்ந்து வெறும் வயித்தோட எழுந்து போனா, அந்த வூட்டுக்கு ஆவாதாம். ‘அம்மாவுக்குப் புள்ளைங்க இருக்குது, யாரும் எழுந்திருக்காதீங்க’ன்னு கெங்கம்மாதான் எல்லாரையும் உக்கார வச்சா.”

“என்னை எழுப்பியிருக்கலாமேடா.”

“வெளிச்சம் நல்லா இருந்துச்சுக்கா.”

தலையைக் குனிந்துகொண்டு அவனே தொடர்ந்தான்.

“அப்புறம் பிஸ்கட் வாங்கி, நீ குடுத்தனுப்பினதா சொன்னேன். அதைக் கடிச்சிட்டுத்தான் எழுந்து போனாங்க. ‘இந்த எடத்த வெட்டிடு சாமி, அம்மா பாத்தா தாங்க மாட்டாங்க’ன்னு நேத்துகூடக் கேட்டா. நான்தான் வெட்டல.”

கொட்டகை முழுக்க விசும்பல். பக்கத்து சீட்டு அம்மாள் உள்ளே இருக்கிறவளைச் சபித்துக்கொண்டிருந்தாள். திரையில் குழந்தை கெங்கம்மாளின் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பப் பார்க்கிறது. அவள் கண் கதவை விட்டு நகரவில்லை.

“யாராச்சும் அந்தக் கதவைத் திறங்களேன்” என்றாள் நீலாவதி.