தெருவில் கேட்ட கடன்

"முந்நூத்தி நாப்பது வெள்ளி அம்பது காசு! கீழ வச்சிட்டு மறுவேல பாரு, தியாகு!"

காஜா பெராங் சாலையே திரும்பிப் பார்த்தது.

லோரிக்கு அடியில் படுத்துக் கிடந்த தியாகு, கரி அப்பிய முகத்தோடு வெளியே வந்தான். எதிரே காசிவிஸ்வநாதன் செட்டியார். தியாகுவுக்கு ஒன்றும் புரியவில்லை. கொடுத்த கடனைச் செட்டியார் தெருவில் நின்று கேட்கிற வழக்கமே கிடையாது. எவ்வளவு பாக்கி என்றாலும் தன் வட்டிக்கடையான கிட்டங்கிக்கு வரச்சொல்லி, பாயில் உட்காரவைத்து, ஒரு குவளை மோர் கொடுத்து, பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடக் கேட்காத குரலில்தான் கேட்பார்.

"எதுக்குங்க தெருவுல சத்தம்? சாயங்காலம் நானே வரலாம்னுதான் இருந்தேன்."

"சாயங்காலமும் வேணாம், நாளைக்கும் வேணாம். இப்ப!"

எதிர்த்த கோப்பிக்கடையில் பேச்சு நின்றது. அங்கே மூலை மேசையில் மாணிக்கவாசகம் உட்கார்ந்திருந்தான். ஊரைப் பிடித்து ஆளும் ஜப்பான்காரனின் ரகசியப் போலீசுக்குச் சேதி சொல்கிறவன் என்று ஊருக்கே தெரியும். அவன் இருக்கிற இடத்தில் ஆட்கள் இருமக்கூட யோசிப்பார்கள்.

தியாகுவுக்கு மானம் போனது. உள்ளே ஓடிப்போய் அரிசிப் பானைக்குள்ளிருந்து நோட்டுக் கட்டை எடுத்து வந்தான். அரிசியைப் பார்க்காத பானை அது. புக்கிட் காதிலிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றி ஏற்றிச் சேர்த்த பணம். எல்லாம் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு. இதைக் கட்டிவிட்டால் லோரியின் உரிமைப் பத்திரமான கிராண்டில் செட்டியார் பேர் போய் அவன் பேர் ஏறும். தோட்டத்துக் கூலி மகன், லோரி முதலாளி! அந்த நினைப்பில்தான் அவனும் அவன் மனைவி கோகிலாவும் கிழங்கைத் தின்றே காலம் தள்ளினார்கள்.

"இந்தாங்க. முழுசா இருக்கு. எண்ணிக்குங்க."

செட்டியார் கையை நீட்டவில்லை. "தவணை நேத்தோட முடிஞ்சுது. இனிமே பணம் வேணாம். லோரிய விடு."

"ஏன், இந்த நோட்டு வேணாங்கிறீங்களா?" வேண்டுமென்றே கோப்பிக்கடைப் பக்கம் பார்த்துக் கத்தினான் தியாகு.

ஜப்பான் நோட்டை மறுத்தவர்கள் கதி என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். மாணிக்கவாசகம் மெல்ல எழுந்து நின்றான்.

செட்டியார் நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்தது. ஆனாலும் குரல் இறங்கவில்லை. "நோட்டு தங்கமான நோட்டு! ஆளுதான் சரியில்ல. எல்லாரும் பாத்துக்குங்கப்பா, இன்னையிலேருந்து இந்த வண்டிக்கும் இவனுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல!"

செட்டியாரோடு வந்திருந்த கிட்டங்கி ஆட்கள் தள்ளத் தள்ள, லோரி டவுன் பக்கம் உருண்டு போனது.

"என்ன முதலாளி, இனி கிழங்க தலையிலதான் சுமக்கணுமா?" என்று கோப்பிக்கடையில் ஒருத்தன் சிரித்தான். கோகிலா தெருமண்ணை வாரித் தூற்றினாள். "அந்த மனுசன் வெளங்குவாரா?"

மறுநாள் காலை ராணுவ வண்டி வந்து நின்றது. மொழிபெயர்ப்பாளன் காகிதத்தைப் பார்த்துக் கத்தினான்.

"வெளிநாட்டார் கையில் லோரி இருப்பது நாட்டுப் பாதுகாப்புக்கு ஆபத்து. எதிரிக்குச் சேதி போகிறது. லோரி எல்லாம் ராணுவத்துக்கு! ஓட்டுகிறவர்களும் லோரியோடு சயாமுக்குப் புறப்பட வேண்டும்!"

"நேத்து சைக்கிள்ல வந்து எறங்கினவன், நம்மள வெளிநாட்டானுங்கிறான்" என்று முணுமுணுத்தாள் கோகிலா.

வண்டியில் தெங்கேராவிலும் புக்கிட் பாருவிலும் பிடித்த லோரிக்காரர்கள் இருந்தார்கள். தியாகுவின் கூட்டாளி கலியாணசுந்தரமும் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். ஜப்பான்காரன் போடுகிற சயாம் ரயில் பாதைக்கு வேலைக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததாக அதுவரை சேதி இல்லை.

சிப்பாய் ஒருவன் தியாகுவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "லோரி எங்கே?"

பதில், கோப்பிக்கடை வாசலில் நின்ற மாணிக்கவாசகத்திடமிருந்து வந்தது.

"இவனுக்கு ஏதுங்க லோரி? கடனுக்குச் செட்டியார் பிடுங்கிட்டார். என் கண்ணால பாத்தேன்."

சிப்பாய் சட்டையை விட்டான்.

வண்டி போனதும் தியாகு நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்கு நடந்தான். லோரி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது. பாயில் உட்கார்ந்திருந்த செட்டியாரின் ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது.

"லோரிய எடுக்க வந்த சிப்பாய் ஓட்டுற ஆள் எங்கேன்னு கேட்டான். கடன்காரப் பயல தொரத்திட்டேன்னேன். ரெண்டு விட்டான்" என்றார்.

"லோரியும் போச்சு, அடியும் பட்டீங்க. நான் பொழச்சது சாமி புண்ணியம்" என்று கட்டை அவர் முன் வைத்தான் தியாகு. "இதையாவது வாங்கிக்குங்க. அப்புறம்... என்னை மன்னிக்கணும். மாணிக்கவாசகம் இருக்கிறது தெரிஞ்சுதான் நேத்து அந்த நோட்டுப் பேச்ச எடுத்தேன். உங்கள மாட்டிவிடணும்னே கத்தினேன்."

செட்டியார் கட்டைத் திருப்பித் தள்ளிவிட்டு, மோர்க் குவளையை அவன் பக்கம் நகர்த்தினார். வழக்கமான அந்தத் தணிந்த குரலில் சொன்னார்:

"லோரியையும் ஓட்டுறவனையும் எடுக்கப்போற சேதி எனக்கு முந்தாநாளே தெரியும். சொன்னா நீ வண்டியோட ஓடுவே, ஓடினவன ஒற்றன்னு வெட்டுவான். அதான், அந்த மாணிக்கவாசகம் கோப்பிக்கடைக்கு வந்து உக்கார்ற வரைக்கும் சந்துல காத்திருந்து நானும் கத்தினேன். ஒன் பாக்கி தீந்துபோச்சு, தியாகு. மோரக் குடி."