ஏன் என்று கேட்பவர்

கருக்கலைப்புக்கு வரும் பெண் விரும்பினால் முதலில் ரஹ்மத் அக்காவிடம் பேசலாம். ஏன் என்று அவர் கேட்பார். தீர்க்கக்கூடிய காரணம் என்றால் உட்கார்ந்த இடத்திலேயே தீர்த்துவைப்பார். அரசு அவருக்குக் கொடுத்த வேலையே அதுதான். திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகள் அவர் சொன்னால் மறுக்க முடியாது.

அன்று வந்த கோகிலவாணி தையல் வேலை பார்ப்பவள்.

"வயிறு தெரிஞ்சா வேலை போயிருமுங்க்கா. மூத்தவளப் பாத்துக்கவும் ஆளில்லீங்க."

அக்கா கம்பெனிக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் போனில் பேசினார். பிரசவம் முடிந்து அவள் திரும்பும்வரை அவளுடைய மெஷின் அவள் கைரேகைக்கே பூட்டப்படும், வேறு யார் கை பட்டாலும் ஓடாது, சம்பளமும் நிற்காது. மூத்தவளுக்குக் கம்பெனி வாசலிலேயே காப்பகத்தில் இடம்.

கோகிலவாணி தயங்கினாள். "நான் கலைச்சுட்டா காப்பகம் போயிருங்களா?"

"போகாது. அது உம்பொண்ணுக்கு. நீ எது சொன்னாலும் எனக்குச் சம்மதம் கண்ணு."

 கோகிலவாணி கையிலிருந்த கருக்கலைப்பு மருந்துச் சீட்டை மேசைமேல் வைத்தாள்.

"வீட்டுக்குப் போறனுங்க்கா."

கதவுவரை போனவள் திரும்பினாள்.

"போன தடவ கலைக்க வந்தப்ப, ஏன்னு ஒருத்தருமே கேக்கலீங்க்கா."