அப்பாவின் ஓகே

பொன்னுரங்கத்துக்கு வாட்ஸப்பில் தெரிந்த ஒரே பதில் ஓகே. கேஸ் வந்துவிட்டது என்றாலும் ஓகே, தண்ணி லாரி வரவில்லை என்றாலும் ஓகே. மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டதாக மனைவி கங்கையம்மாள் அனுப்பியதற்கும் ஓகேதான்.

அதனால், டேனியலைக் காதலிப்பதாகவும் ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டார் பெண் கேட்டு வருவதாகவும் மகள் சுபத்ரா குடும்ப குரூப்பில் போட்ட முப்பது வரிக்கு ஓகே வந்தபோது, அவளுக்குச் சந்தோஷப்படத் தைரியம் வரவில்லை.

"படிச்சிருக்க மாட்டாருடி. நேர்ல சொல்லிடு," என்றாள் அம்மா.

"நீயே சொல்லேம்மா."

"எனக்கு ஏற்கெனவே ஒரு கால்தான் நல்லா இருக்கு."

யாரும் சொல்லாமலே ஞாயிறு வந்துவிட்டது. இரும்புலியூர் வீட்டு ஹாலில் டேனியலும் அவன் அப்பா அம்மாவும் உட்கார்ந்திருக்க, பொன்னுரங்கம் கடைப் பையோடு உள்ளே நுழைந்தார். எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். சுபத்ரா சட்டென்று எழுந்து நின்றாள்.

"அப்பா, நான் மெசேஜ்ல..."

அவர் பையிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

"ஜாங்கிரி எல்லாருக்கும். காராபூந்தி சம்பந்திக்கு. அவருக்கு சுகர்னு கடைசி வரியில போட்டிருந்தாளே, நீ படிக்கலையா?"