கும்பிட்டது சம்மதமா?

சூலூர் விசைத்தறிக்கூடத்தின் கண்ணாடி அறையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. தறிகளின் இரைச்சலில் மேசைமேலிருக்கும் தேநீர்க் குவளை நடுங்குகிறது. ஞாயிறன்று வேலை உண்டெனத் தொழிலாளர்களின் கைபேசிக் குழுவில் முதலாளி இட்ட அறிவிப்புக்குக் கீழே, வழக்கமான மரியாதைக்காகத் தறி ஓட்டும் சென்னியம்மாள் கைகூப்பும் படமொன்றை இட்டிருக்கிறாள். ஒரு வரி கணினி நிரலும் எழுதாமல், ஆயத்தக் கருவிகளைக் கொண்டே அக்குழுவை வருகைப்பதிவுத் தரவுத்தளத்தோடு இணைத்த மேலாளர் சுரேந்தர், அப்படத்தைச் சம்மதமெனப் பதியுமாறு அமைத்திருக்கிறார்.

"அன்னைக்கு எம்மகளுக்கு நிச்சயமுங்க," என்கிறாள் அவர் மேசைமுன் நிற்கும் சென்னியம்மாள்.

"நானென்ன பண்றதுங்க்கா? சிஸ்டம் சம்மதம்னு ஏத்திப்போட்டுது. வராட்டி அதுவே வேலைப் பட்டியல்லருந்து பேரை எடுத்துப்போடும்."

வணக்கத்தைக் கையொப்பமாக்கும் உரிமையை இவருக்கு அளித்தவர் யார்? விதியை வகுத்தவர் தாமே என்பதையும் மறந்து, அவர் திரையைச் சுட்டுகிறார். சென்னியம்மாள் திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்க்கிறாள்.

"பேரை எடுத்துக்கச் சொல்லுங்க. நான் மக பக்கத்துலதான் நிப்பேனுங்க."