கத்தினால்தான் பறக்கலாம்

"இன்னும் சத்தமா கத்துங்க மதாம்! பக்கத்து ஊருக்குக் கேக்கணும்!"

திராட்சைத் தோட்டத்துக்கு மேலே ஜிப்லைன் கம்பியில் தொங்கியபடி பறந்த பாரிஸ்காரப் பெண், உயிர் போவதுபோல் அலறினாள். மேட்டில் நின்ற தோட்டத்துச் சொந்தக்காரன் திபோ கைதட்டினான். அவன் மனைவி அர்மெல் தலையில் அடித்துக்கொண்டாள்.

"போன வருஷம் பாதி விளைச்சல் போச்சு. இந்த வருஷமும் போனா தோட்டத்தை வித்துட வேண்டியதுதான். அடுத்த வாரம் அறுவடை. நீ கம்பி கட்டி விளையாடுற!"

"கொஞ்சம் பொறு."

அடுத்து வந்தவர் ஒரு வங்கி அதிகாரி. வாயை இறுக மூடிக்கொண்டே போய் அந்தக் கோடியில் இறங்கி, நடந்து திரும்பினார். திபோவின் முகம் வாடியது.

"இது செல்லாது முசியே. இன்னொரு தடவை போங்க, காசு வேணாம். ஆனா கத்தணும்."

"எனக்குத்தான் பயமே இல்லையே!"

"பயப்பட வேணாம், கத்தினா போதும். மாமியாரை நினைச்சுக்குங்க."

இந்த முறை தோட்டமே அதிரக் கத்தினார்.

"காசும் வேணாமா? உனக்குக் கிறுக்குதான் பிடிச்சிருக்கு!" என்றாள் அர்மெல்.

திபோ கீழே கைகாட்டினான். பழுத்த கொடிகளிலிருந்து கரும்புகைபோல் எழுந்த சூறைக்குருவிக் கூட்டம், மிரண்டுபோய் ஆற்றைத் தாண்டிப் பறந்தது. போன வருஷம் பாதி விளைச்சலைத் தின்று தீர்த்த அதே கூட்டம்.

"வைக்கோல் பொம்மைன்னா நாமதான் சட்டை மாட்டிவிடணும். இவங்க சட்டையோட வந்து காசும் கொடுக்குறாங்க" என்றான் திபோ.

அர்மெல் வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"குழந்தைங்களை முதல்ல அனுப்புங்க! அதுங்கதான் நல்லா கத்தும்!"